காசிமேட்டுச் சேற்றில் கண்ட கடற்குதிரை

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. காலடிப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். காசிமேட்டுக்கு ஏழு ரூபாய்; தூரம் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பக்கத்தில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, லீவு நாளில் இவ்வளவு சீக்கிரம் எங்கே என்று விசாரித்தார். கடலுக்குள் முங்கி அடியில் இருப்பதைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"மேல கீறத எல்லாம் பாத்து முட்ச்சிட்டியா நைனா?" என்றார்.

நான் சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

என்னைக் கூப்பிட்டவன் சேகர். என் லேத் பட்டறைக்குக் கம்ப்ரசர் பாகம் கடைந்து வாங்க வந்து சிநேகமானவன். அந்தமானில் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிற வேலை. முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய், முகத்தில் கண்ணாடி, அவ்வளவுதான் ஸ்கூபா. எனக்கும் ஒரு நீச்சல் குளத்தில் சில வாரம் பயிற்சி கொடுத்திருந்தான். அவன் மனைவி கலாவுக்கு ஏழாம் மாதம். புதன்கிழமை போர்ட்பிளேர் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போனால், பிள்ளை தவழும்போதுதான் திரும்புவான்.

போகாமல் இருக்க ஒரே வழி, நம்மூர்க் கடலிலேயே காசு கொடுத்து முழுக ஆள் வரவேண்டும். அதற்காகத்தான் பெங்களூரிலிருந்து நந்தினியை வரவழைத்திருந்தான். நகக்கண் அளவு கடல் ஜீவன்களைப் படமெடுக்க நாடு நாடாகப் போகிறவர். அவர் நல்லாயிருக்கு என்று சொன்ன இடத்துக்கு ஒரு கூட்டமே கிளம்பி வரும். சொல்லாவிட்டால் சேகருக்குக் கப்பல்தான்.

ஆறு மணிக்கு மீன்பிடித் துறைமுகம். சேகரும் நந்தினியும் முன்பே வந்திருந்தார்கள். ஏலக் கூச்சலைத் தாண்டி, சேகரின் மாமனார் வேலு தன் ஃபைபர் படகோடு நின்றிருந்தார். மருமகன் போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். மாப்பிள்ளை பிழைப்புக்கு மாமனார் குறுக்கே நிற்கக்கூடாது என்பது அவர் கட்சி. ஆனால் நந்தினி பையிலிருந்து ஃபின் என்கிற நீள ரப்பர் துடுப்புகளை எடுத்துக் காலில் மாட்டிப் பார்த்தபோது குறுக்கே வந்துவிட்டார். செருப்புப் போட்டுப் படகில் ஏறுவது அந்தக் கரையில் கிடையாது. படகு சோறு போடுகிறவள். அவள் மேல் மிதியடி படக்கூடாது.

இது செருப்பில்லை மாமா, துடுப்பு என்று சேகர் கெஞ்சினான்.

"கையில புடிச்சா துடுப்பு. கால்ல மாட்டுனா செருப்புதான் மாப்ளே."

நான் அதை அப்போதே மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு சமாதானம்: மூன்று ஜோடியையும் பழைய வலையில் மூட்டை கட்டி, படகின் பின்னால் கயிற்றில் இழுத்துக்கொண்டு போவது. முடிச்சை வேலுவே போட்டார்.

ஏழு மணி. கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், ஆழம் ஐந்து பாகம், அதாவது முப்பது அடி. வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள். நங்கூரம் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால் கயிறு மட்டும் வந்தது. மூட்டை இல்லை. முப்பது வருஷமாக முடிச்சுப் போடுகிற கை. வேலு அந்தக் கயிற்று நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிப் பாறை இருக்கிறது, அங்கேதான் மீன், ஃபின் இல்லாமல் நீந்திப் போக முடியாது, திரும்பிவிடலாம் என்றான் சேகர். நந்தினி கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கால் நனையாமல் போவதா, நங்கூரக் கயிற்றைப் பிடித்தே இறங்குவோம் என்றார்.

"கீழ இன்னா கீது, கலீஜ் சேறுதான்மா," என்றார் வேலு, பாவமாக.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்தும் நான் நங்கூரக் கயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். சேகர் என் தோள்பட்டையைப் பிடித்தபடி இறக்கினான். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கல். அடியில் முழங்கால் போட்டதும் சேறு புகையாகக் கிளம்பி எல்லாவற்றையும் மறைத்தது. நகர வழியில்லாததால் அப்படியே இருந்தோம். மெல்ல மெல்லச் சேறு படிந்தது.

கேரம் போர்டு அளவு இடம்தான். அதில் ஒரு வளை. விரல் நீள இறால் ஒன்று உள்ளிருந்து மண்ணை வாரி வாரி வெளியே தள்ளுகிறது. வாசலில் ஒரு குட்டி மீன் காவல். இறாலின் மீசை எந்நேரமும் மீனின் வாலைத் தொட்டபடியே இருக்கிறது. நான் கையை அசைத்தேன், மீன் வாலை ஆட்டியது, இரண்டும் உள்ளே. பக்கத்திலே ஓடில்லாத நத்தை, கத்திரிப்பூ நிறம், என் சுண்டுவிரல் நகத்தளவு. அறுந்த நீல நைலான் வலைத்துண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடற்குதிரை, பெரிய வீட்டுக்காரர் மாதிரி எங்களை அலட்சியமாகப் பார்த்தது. நந்தினி குப்புறப் படுத்தவர்தான். சேகர் காற்று தீர்கிறது என்று சைகை காட்டி இழுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மேலே வந்து மூச்சு வாங்கியபடி அவர் சொன்னது: இந்தோனேசியாவில் ஒரு ஜலசந்தி இருக்கிறதாம். அங்கேயும் இதே கறுப்புச் சேறு, இதே குப்பை. அதைப் பார்க்க உலகமே லட்சக்கணக்கில் செலவழித்து வருகிறதாம். பாறைக்கு நீந்திப் போயிருந்தால் இதையெல்லாம் தாண்டிப் போயிருப்போம் என்றும் சொன்னார். பிறகு சேகரிடம், ஏப்ரல் ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் இந்தப் படகு வேண்டும், ஆட்களை நான் கூட்டிவருகிறேன் என்றார்.

திரும்பும்போது மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து வழக்கமான நாற்றம் காற்றில் வந்தது. வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கத்தை அந்த நாற்றத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா, சண்டை போடலாமே என்றிருந்தது.

தெற்கே துறைமுகத்தில் அந்தமான் கப்பல் வெள்ளையாகத் தெரிந்தது. சேகர் பாலிதீன் கவரிலிருந்து செல்போனை எடுத்துக் கலாவைக் கூப்பிட்டான். நான் போகவில்லை என்று மூன்று தடவை சொன்னான். அவள் நம்பவில்லை போல. போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

வேலு ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நீதான் நிறுத்துனியாப்பா என்று அவள் கேட்பது எனக்கே கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா," என்றார். "அவனாதான் சொல்றான். அழுவாத."

சொல்லிவிட்டு போனை மருமகனிடம் நீட்டினார். முகத்தை மட்டும் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.