உறைக்குக் கொஞ்சம் அழுக்கு

கொண்டாப்பூரில் எங்கள் எதிர் பிளாட்டில் இருந்த சாப்ட்வேர்காரர், செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். எதைத் தொட்டாலும் முதலில் கைக்குட்டையால் துடைப்பார், எங்கள் காலிங்பெல்லைக்கூட. தன் மீன்தொட்டியின் ஃபில்டர் பஞ்சையும் வெளுக்க அலசி வெயிலில் காயவைத்தார். அதில் வாழ்ந்த நல்ல பாக்டீரியா செத்து, தண்ணீரில் அம்மோனியா ஏறி, மீன்கள் செத்து மிதந்தன.

தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டு, பளபளக்கும் எவர்சில்வர் டம்ளரோடு எங்கள் வாசலில் நின்றார்.

“உங்க தொட்டிப் பஞ்சைப் பிழிஞ்சு கொஞ்சம் தண்ணி குடுங்க. பாக்டீரியாவுக்கு உறைமோர் மாதிரி.”

“அலசிட்டுப் பிழியட்டுமா?”

“நக்கோ, நக்கோ! அலச வேணாம். அந்த அழுக்குதான் வேணும்.”

டம்ளரின் வெளியே வழிந்த பழுப்பைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

புது மீன்கள் வந்தபின் ஒருநாள் போனேன். தொட்டிக் கண்ணாடியில் பாசி படிந்திருந்தது.

“துடைக்கலையா?” என்றேன்.

“கைக்குட்டையெல்லாம் பீரோவுல இருக்கு. சாவி அவகிட்ட” என்று மனைவியைக் காட்டினார்.