சிக்னல் வளைவில் நான் பேசியது

ஆலங்காயத்திலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் பாதி வழியிலேயே செல்போன் செத்துவிடும். ஒரேயொரு கொண்டை ஊசி வளைவில் மட்டும் சிக்னல் திரும்ப வரும். டிரைவர் அங்கே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைப்பார். பேச வேண்டியவர்கள் இறங்கி, ஆளுக்கொரு மரத்தடியில் தள்ளி நின்று பேசிவிட்டு வருவார்கள். உள்ளே உட்கார்ந்து யாரும் பேசுவதில்லை. அந்த வழக்கத்தை மீறியவரை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர.

"பொண்டாட்டிகிட்ட பேசறவங்க கீழ எறங்குங்க. மாமியாகிட்ட பேசறவங்க அப்படியே காட்டுக்குள்ள போய்டுங்க" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தபடி இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. முழங்கால் வலி. ஆனால் அது சாக்குதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், எனக்கென்ன என்ற நினைப்பும் இருந்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரைப் போட்டேன். மறுமுனையில், வீட்டு லேண்ட்லைனில் என் மனைவி.

"கோடி வூட்டுப் பொண்ணுக்கு வலிப்பு மாத்திரை கெடச்சுதாங்க? கல்யாண நேரத்துல நின்னுடக் கூடாதுன்னு அவங்கம்மா வந்து கேட்டுட்டுப் போவுது."

"வாணியம்பாடியில கெடச்சுது" என்று இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது போலவே கத்தினேன்.

அந்த மாத்திரை மலையில் கிடைக்காது. கீழே போகும்போதெல்லாம் நான்தான் வாங்கி வருவேன். எங்கள் இரண்டு வீட்டைத் தவிர ஊரில் யாருக்கும் விஷயம் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே பக்குவமாகச் சொல்லிவிடுவதாகப் பெண்ணின் தாய் சொல்லியிருந்தாள்.

முன் இருக்கையில், மடியில் பூவும் பழமுமாகப் பையோடு இருந்த ஓர் அம்மாள் திரும்பினாள். "இன்னா சார் சொன்னீங்க? எந்தக் கோடி வூடு? எங்க தம்பி மவனுக்குப் பேசி முடிச்சிருக்கற பொண்ணா?"

ஊர்ப் பெயரையும் சொன்னாள். எங்கள் ஊர்தான். ஆமாம் என்றோ இல்லை என்றோ எனக்கு வாய் வரவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எல்லாரையும் தாண்டிப் போய் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனில் பேசினாள். ஒரு சொல்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி பஸ்ஸில் ஏறவும் இல்லை.

கல்யாணம் நின்றது. நான் போய்ப் பெண்ணின் தாயிடம் நடந்ததைச் சொன்னேன்.

"போனது போவட்டும் சார். ஆனா எம் மவகிட்ட சொல்லிடாதீங்க. நீங்கதான்னு தெரிஞ்சா உங்க கையால மாத்திரை வாங்கமாட்டா. அது இல்லன்னா இன்னா ஆவறது?"

இன்றும் நான்தான் வாங்கித் தருகிறேன். சென்ற வாரம் அந்தப் பெண் மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"யாரு சார் சொல்லியிருப்பாங்க?"

"மருந்துக் கடையில யாராவது இருக்கும்மா" என்றேன்.

"அப்ப இனிமே வேற கடையில வாங்குங்க சார்" என்றாள்.

சரி என்றேன்.