வெட்டச் சொன்ன நான்கு வரிகள்

பழைய கோபோல் கணினி நிரலில் அந்த நான்கு வரிகளை வெட்டச் சொன்னது நீங்கள்தான், மேலாளரே.

தொண்ணூறுகளின் கடைசியில், போளூரில் நிலப்பதிவுத் தேடலை சி மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பெயரும் தகப்பன் பெயரும் பொருந்தும் முதல் பதிவோடு நிறுத்து என்றீர்கள். நானும் வெட்டினேன்.

ஜவ்வாது மலையில் தலைமுறைதோறும் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். தகப்பனுக்கும் அவன் தாத்தா பெயரே என்பதால், தாத்தா, பேரன் இருவருக்கும் தகப்பன் பெயரும் ஒன்றே. இறந்த தாத்தாவின் பதிவைத் தாண்டிப் பேரனைத் தேடத்தான் அந்த வரிகள் இருந்திருக்கின்றன.

மலையிலிருந்து வந்த விவசாயியின் பட்டா மனு, 'மனுதாரர் இறந்தவர்' என்று தள்ளுபடியானது.

"இன்னா சார், உசுரோட நிக்கிறேன், செத்துப்பூட்டேன்னு எழுதிக்கீறீங்க? எனக்குக் கருமாதியும் நீங்களே பண்ணிட்டீங்களா?" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள்.

இப்படி எத்தனை பேரைச் சாகடித்தோம்? மலை ஊர்க்கூட்டத்தின் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.