லா சப்பலில் ஒரு சடங்கு வீடியோவும் ஒரு துவக்கும்

போன ஜூலையில் அக்காவின் மகள் லியாவுக்குச் சாமத்தியச் சடங்கு (பூப்புனித நீராட்டு). நான் தாய்மாமன், லண்டனில் இருந்துகொண்டு போகாமல் விட முடியுமா? ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ் வடக்கு நிலையம். அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பத்து நிமிட நடைதான், மெட்ரோவுக்கு இரண்டரை யூரோவை வீணாக்காதீர்கள். வழியில் இரண்டு யூரோவுக்கு ஒரு மிதிவெடி வாங்கினேன் (பயப்படாதீர்கள், அது முட்டை வைத்த ரோல்ஸ்). உறைப்புக் காணாது.

சடங்குக்கு முதல் நாள் ஸ்டூடியோவில் வீடியோ எடுத்தார்கள். மண்டபத்துக்குள் பிள்ளை வருமுன் திரையில் சினிமா மாதிரி ஒரு வீடியோ ஓட வேண்டும், அதுதான் இப்போதைய வழக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது லியாவின் அண்ணன் கெவின், பதினாறு வயது, கறுப்புக் கண்ணாடியோடு தங்கைக்குக் காவல் நிற்கிறான். கையில் பிஸ்டல்! துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த சனம், காசு கொடுத்துப் பிள்ளையின் கையில் துவக்கை வைத்துப் படம் பிடிக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாங்கிப் பார்த்தேன். நல்ல பாரம். இலக்கம் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அராவியிருந்தார்கள்.

"விளையாட்டுச் சாமானெண்டால் ஏன் நம்பரை அராவினது?" என்று வீடியோக்காரரிடம் கேட்டேன்.

"அலாம் துவக்கு அண்ணை, சத்தம் மட்டும்தான் வரும். போனிலை ஒரு பெடியனிட்டை வாங்கினது. பேர் தெரியாது. எல்லாச் சடங்குக்கும் இதுதான்."

எல்லாச் சடங்குக்குமாம்! எத்தனை பிள்ளைகள் இதைப் பிடித்திருப்பார்கள்? பொலிசுக்கு அறிவிப்பம் என்றேன்.

"நாளைக்குச் சடங்கை வைச்சுக்கொண்டு பொலிசைக் கூப்பிடப் போறியே? சனம் என்ன கதைக்கும்?" என்று அத்தான், லியாவின் தகப்பன், துள்ளினார். மரக்கறிப் பையில் சுற்றி, மெட்ரோவில் கொண்டுபோய் எங்கேயாவது போட்டுவிடலாம் என்பது அவருடைய யோசனை. அக்கா தன் மகனை ஒருதரம் பார்த்தார். பிறகு பொலிஸ் நம்பர் 17-க்கு அடித்தார்.

எனக்குப் பிரெஞ்சு வராது. வந்த பொலிஸார் சொன்னதை லியாதான் தமிழில் சொன்னாள். குழலைத் துளைத்து மாற்றியிருக்கிறார்களாம், உண்மையான துவக்கு ரவையையே சுடுமாம். உள்ளே ரவை இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். நம்பர் இல்லாததால் யார் விற்றது, யார் கைமாற்றியது என்று தேடிப் பிடிப்பதும் கஷ்டமாம்.

"கடையிலை எண்டால் அடையாளக் கார்ட் கேப்பினம்," என்றான் கெவின். "போனிலை ஒருத்தரும் வயசு கேக்கிறேல்லை."

பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை.

இவன் கையில் இதைக் கொடுத்தது யார் என்று பொலிஸ்காரர் கேட்டார். அத்தான் வீடியோக்காரரைக் காட்டினார். லியா தகப்பனைக் காட்டினாள்.

உங்கள் வீட்டிலும் சடங்கு வருகிறதா? வீடியோக்காரரின் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துவக்கு இருந்தால் என்னைப் போலத் தொடாதீர்கள், அத்தானைப் போலப் பை தேடாதீர்கள். 17-க்கு அடித்துவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

மறுநாள் லெ பிளாங்-மெனில் மண்டபத்தில் சடங்கு நடந்தது. லா சப்பல் பக்கமிருந்து போகிறவர்களுக்கு RER B ரயில் வசதி. வந்த சனமெல்லாம் வீடியோ எங்கே என்று கேட்டது. "கமரா பழுதாப் போச்சு," என்று அத்தான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன், அத்தான். கமராவில் ஒரு பழுதும் இல்லை.