குப்புறக் கிடந்த கல்

இந்த ஊரில் மதியச் சாப்பாட்டைக் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். லீட்ஸுக்கு வந்த புதிதில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் எடித் ஒரு சாண்ட்விச்சை நீட்டி, யாரோ ஒருவரின் பெயர்மேல் என்னை உட்காரச் சொன்னார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எங்கள் பெருமாட்டிப் பக்கம் சுடுகாட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வாசற்படி ஏறமாட்டோம்.

எழுபத்து நாலாம் வருஷம் நான் ஊருக்குப் புறப்பட்டபோது எடித் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவர் பிறக்கும் முன்பே அவருடைய அப்பா போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்து அங்கேயே இறந்துபோனார். அந்தக் கல்லறையைத் தேடி, பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும். எழுபது தாண்டிய மனுஷி. பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முழுக்கப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மலைத் தேவாலயத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தது. சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்று எழுதியிருந்தார்கள். தோட்டத்துக் கல்லறைகள் தொழிலாளர் லயத்துக்கு மேலே, பட்டப்பகலிலும் மூடுபனிக்குள் கிடந்தன. ஆறு கற்கள் நிமிர்ந்து நின்றன; எதிலும் அந்தப் பெயர் இல்லை. ஏழாவது மட்டும் செங்கல் விளிம்பின்மேல் குப்புறக் கிடந்தது. மேலே அன்றைக்கு வெட்டிய பச்சை முள். திரும்பினால், கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நிற்கிறாள். வந்த சத்தமே கேட்கவில்லை. பெயர் பாக்கியம் என்றாள்.

"ஏனுங்க, இந்தக் கல்லைக் கொஞ்சம் திருப்பலாமுங்களா?"

"வேண்டாம் சார். யாரும் தொடக்கூடாதுன்னுதான் தெனமும் ஆள் வந்து முள்ளு வெட்டிப் போடுறோம். நிமிந்து நின்னப்ப அது லயத்தையே பாத்துக்கிட்டிருந்துச்சாம். ஒரு தொட்டில்லயும் புள்ள தங்கல. குப்புறத் தள்ளுன பெறகு மொதல்ல பொறந்து தங்குனது எங்க மாமனாருதான். நடுவுல ஒரு தொர திருப்பி வச்சாரு. அந்த மழைக்குள்ள ரெண்டு புள்ள போச்சு." கூடையை இறக்கி வைத்தாள். "ஒண்ணு எனக்கு."

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆனால் அவள் போனதும் மனம் கேட்கவில்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடுக்கில் கையை நுழைத்தேன். உள்ளே ஜில்லென்றிருந்தது. விரல் நுனியால் எழுத்து எழுத்தாகத் தடவிப் படித்தேன். அதே பெயர்தான். கடைசி எழுத்துக்கு வந்தபோது கீழே லயத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. குழந்தை என்றால் அழத்தான் செய்யும். ஆனாலும் கையை உருவிக்கொண்டு ஓடினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

லீட்ஸுக்குத் திரும்பியதும் எடித்திடம், போட்டோ எடுக்க முடியவில்லை, கையால் தடவித்தான் படித்தேன் என்றேன்.

"அவரை யாராவது கவனித்துக்கொள்கிறார்களா?"

"தினமும் ஆள் வருகிறது."

பொய் இல்லை. எடித் அழுதார். என் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டார். பாக்கியத்தின் பிள்ளை நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கத்துக்குத் துரோகம் செய்தேன் என்று தெரியாமல், கையை அவரிடமே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.