சிட்டு வந்து உட்காரும் குச்சி

இந்த நாட்டில் பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சி வைக்கிறார்கள். நம் ஊரில் விருந்தாளியின் காபிக்கே சர்க்கரையை யோசித்துப் போடும் வீடுகள் உண்டு. இங்கே, ஒன்டாரியோவில் நான் குடியிருக்கும் தெருவில், சர்க்கரையை அளந்து கொதிக்கவைத்து, ஆறவைத்து, சிவப்புப் புட்டியில் ஊற்றித் தோட்டத்தில் தொங்கவிடுகிறார்கள். குடிக்க வருவது ஹம்மிங் பேர்ட் என்கிற கட்டைவிரல் அளவுச் சிட்டு. நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துதான் பூவில் வாய் வைக்கும். இது காற்றிலேயே நின்று குடிக்கிறது. இறக்கை அடிப்பது கண்ணுக்குத் தெரியாது, விர்ரென்ற சத்தம் மட்டும் கேட்கும்.

பிள்ளைகள் படிக்கப் போய்விட்ட வீட்டில் பொழுது போகாமல் ஒரு கேமரா வாங்கினேன். முதல் கோடை முழுக்க அந்தச் சிட்டைத் துரத்தினேன். புட்டியும் வேலியும் பக்கத்து வீட்டுச் சுவரும் படத்தில் மிகத் தெளிவாக விழுந்தன, சிட்டு மட்டும் எதிலும் இல்லை. பக்கத்து வீட்டு மார்கரெட் இதை ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்திருக்கிறாள். ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "துரத்தாதே. குடித்துவிட்டுப் போய் உட்கார அதற்கு ஒரு குச்சி வேண்டும். நீயே ஒன்றை நட்டு, கேமராவை அதில் குறிவைத்துக் காத்திரு. தானாக வரும்" என்றாள். காய்ந்த குச்சி ஒன்றைப் புட்டிக்குப் பக்கத்தில் நட்டேன். புதருக்குப் பின்னால் நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்தேன். வந்தது. தொண்டைச் சிவப்பு தகதகக்க, ஒவ்வொரு இறகையும் எண்ணிவிடலாம் போலப் படம் விழுந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நான், கேமராவை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். இப்படி அசையாமல் காத்திருந்தவர்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் எங்கள் வீடு நைனார்பாளையத்துக்கு வெளியே, கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்தது. எங்கள் சனங்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று சாலையை மறித்தார்கள். பஸ் போகாதிருக்க ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். என் அண்ணன் ஏழுமலையும் ஒரு மரத்துக்குக் கோடாலி பிடித்தார். போலீஸ் தேட ஆரம்பித்ததும் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார். கரியாலூருக்கு மேலே, எங்களிடம் நெல் வாங்கிக்கொண்டு சாமை கொடுக்கும் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டில் தங்கி, அவர்களோடு களை எடுத்துக்கொண்டிருந்தார். போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்து பானைகளை உருட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு அந்தப் பக்கமே காணோம். விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம்.

புரட்டாசி அமாவாசை வந்தது. செத்தவர்களுக்குப் படையல் போடும் நாள். மூத்த மகன் இலை போட்டுப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் வைக்கலாம். அப்பா போய் இரண்டாவது வருஷம். வடக்கனந்தலுக்குத் தேன் விற்க இறங்கி வந்த அந்த மலை வீட்டுக்காரரிடம் அம்மா சொல்லி அனுப்பினாள்: "அமாவாசிக்கு வர வேணான்னு சொல்லுங்க. சின்னவன வெச்சிப் படைச்சிக்கிறன். அவங்கப்பா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

அண்ணன் வந்துவிட்டார். பட்டப்பகலில், வடை வெந்துகொண்டிருக்கும்போது, பின்பக்கமாக வந்து நின்றார்.

"ஏன்டா வந்த?" என்று அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"நான் இருக்கசொல்ல அவன் வெச்சா அவுரு வந்து துன்னுவாரா? வெச்சிட்டுப் போயிடறன்."

குளித்து, ஈரவேட்டியோடு படைத்து, வீட்டு ஓட்டின் மேல் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டார். காக்கை முருங்கை மரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. அண்ணன் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அது இறங்கி ஒரு வாய் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் கரும்புச் சோகை சலசலத்தது. காலையிலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் பெரியவர், எங்கள் பக்கத்து ஆள், அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "காக்கா எடுக்கட்டும்னுதாம்மா காத்துக்கினு இருந்தோம். நாங்களும் அப்பன் ஆத்தாளுக்குப் படைக்கிறவங்கதான்." அதை ஒரு தயவாகத்தான் அவர் சொன்னார். அதனால்தான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அண்ணன் ஜெயிலிலிருந்து திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை, நடையும் மாறியிருந்தது. பிறகு ஒதுக்கீடு கிடைத்தது. அந்தப் பங்கில்தான் எனக்கு இன்ஜினியரிங் சீட்டு, அதிலிருந்து வேலை, அதிலிருந்து இந்த நாடு, இந்தத் தோட்டம், இந்தக் கேமரா. அடி அவருக்கு, விமானம் எனக்கு. இதை நேராக எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

அன்றிலிருந்து அண்ணன், வருவார் என்று யாராவது எதிர்பார்க்கும் நாளில் அந்த இடத்தில் இருப்பதில்லை. என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து வேட்டி சட்டை வைத்துக் கொடுத்துவிட்டு, முகூர்த்தத்தன்று மலையில் இருந்தார். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தார்; சாவு நாள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தேதி குறித்த கருமகாரியத்தில் அவர் இல்லை, நான்தான் செய்தேன். போன முறை நான் ஊருக்குப் போவதை மாதக்கணக்கில் சொல்லி வைத்திருந்தேன். போய் இறங்கினால் ஆள் இல்லை, மலைக்குப் போய்விட்டிருந்தார். விடுமுறை முடியும்வரை அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பினேன். என் விமானம் கிளம்பிய மறுநாள் வீட்டுக்கு வந்து, நான் படுத்த பாயில் படுத்திருந்தாராம்.

மார்கரெட்டிடம் ஒருநாள் இதைச் சொல்லப் பார்த்தேன். அண்ணன் ஜெயிலுக்குப் போனவர் என்றதும் குரலைத் தாழ்த்தி, எதற்காக என்று கேட்டாள். ஒரு மரத்தை வெட்டினார் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "நல்ல சட்டம். இங்கேயும் அனுமதி இல்லாமல் வெட்டினால் அபராதம்தான்" என்றாள். தன் மேப்பிள் மரத்துக்கு அனுமதி வாங்க அலைந்த கதையை நெடுநேரம் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

இப்போது அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, கள்ளக்குறிச்சி டாக்டர் கையை விரித்துவிட்டார். அண்ணி போனில் அழுதாள். "தேதி சொன்னீங்கன்னா இந்த ஒடம்போட மலைக்குக் கெளம்பிடுவாரு தம்பி. சொல்லாம கொள்ளாம வந்து நில்லுங்க." சொல்லாமல் போய், கரும்புக் கொல்லைப் பக்கமாக நடந்து, அவர் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து வாசலில் நிற்க வேண்டும். நினைத்துப் பார்த்தேன். சொன்னால் பார்க்க முடியாது. சொல்லாமல் போனால், நானும் காத்திருந்து பிடித்தவன் ஆகிவிடுவேன்.

அந்தச் சிட்டின் படத்தை அண்ணியின் போனுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று அண்ணனே பேசினார்.

"இன்னாடா இது, இம்மாத்தூண்டு இருக்குது? எப்பிடிப் புடிச்ச? ஒரு எடத்துல நிக்காதே."

"குச்சி ஒண்ணு நட்டு வெச்சிருக்கன்ணா. தெனமும் அதுலதான் வந்து குந்தும். நான் பொதருக்குப் பின்னால காத்துக்கினு இருப்பன்."



"அந்தக் குச்சியப் புடுங்கிப் போட்டுடு" என்றார்.

"போட்டோதாண்ணா எடுக்கறன். அத ஒண்ணும் பண்றதில்ல."

"தெரியுது. புடுங்கிப் போட்டுடு."

இன்று காலை பிடுங்கிப் போட்டேன். ஊருக்கு டிக்கெட் இன்னும் போடவில்லை. புதருக்குப் பின்னால் இல்லாமல், புல்வெளி நடுவே எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்தேன். சிட்டு வந்தது, குடித்தது, வழக்கம்போலத் திரும்பிப் பறந்தது. குச்சி இருந்த இடத்தில், அதே உயரத்தில், வெறும் காற்றில் நின்றது. உட்காரவும் இடமில்லை, விட்டுப் போகவும் மனமில்லை. இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கேமரா மடியில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.