ஐந்து எண்ணும்வரை

அந்த மருத்துவமனையில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு: தலைதூக்கி சிஸ்டர். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைக் கண்விழிக்கும் அறையில் பார்த்துக்கொள்வது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. எப்பேர்ப்பட்ட ஆளானாலும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, அவள் ஐந்து எண்ணும்வரை நிறுத்திக் காட்டினால்தான் வார்டுக்கு விடுவாள். தசைகளைத் தளர்த்தப் போட்ட மருந்து உடம்பில் மிச்சமிருந்தால் கழுத்து எழும்பாது. மூச்சையும் நம்ப முடியாது. மயக்க டாக்டருக்கு இதில் எரிச்சல்.

"எத்தனை தலைதான் எண்ணுவீங்க சிஸ்டர், தேர்தலா நடத்துறீங்க?"

பித்தப்பைக் கல் ஒருநாள் அவளையே மேசையில் படுக்க வைத்தது. வழக்கமான தளர்வு மருந்து தீர்ந்துபோயிருந்ததால், லேசில் உடம்பை விட்டுப் போகாத பழைய மருந்தைப் போட்டார்கள். முறிக்கும் ஊசியும் போட்டார்கள். அது முறித்ததா என்று மட்டும் பார்க்கவில்லை. அலட்சியம் என்று சொல்ல முடியாது, மரியாதை.

"அவங்களைப் போய் தலையைத் தூக்குங்கன்னு எப்படி சார் சொல்றது? கூச்சமா இருக்கு," என்றாள் உடன் வேலைபார்க்கும் நர்ஸ்.

"விடும்மா, இன்னிக்காவது எண்ணாம இருப்போம்," என்றார் மயக்க டாக்டர்.

எல்லாம் அவள் காதில் விழுந்தது. இமை திறக்கவில்லை. நாக்கு தொண்டைக்குள் சரிந்தது. இழுத்த மூச்சு பாதி வழியில் நின்றது. கட்டைவிரலையாவது அசைத்துவிட உயிரைக் கொடுத்துப் பார்த்தாள். விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளக்கும் கருவி கத்தியது. கிளிப் நழுவியிருக்கும் என்று சத்தத்தை அணைத்தார்கள்.

"என்னமா தூங்குறாங்க பாருங்க, பத்தொம்பது வருஷத் தூக்கம்!"

தரை துடைக்க வந்தவள்தான் அலறினாள். "ஐயோ, அக்கா உதடு ஏன் நீலமா இருக்கு?"

பிறகு முகமூடி, மூச்சு ஊதும் பை, மறுபடியும் ஊசி, ஆளுக்கொரு ஓட்டம்.

மறுநாள் வார்டில், கேட்டதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் மயக்க டாக்டரிடம் சொன்னாள். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"மயக்கத்துல அப்படியெல்லாம் தோணும் சிஸ்டர்."

"அதான் சொல்றாருல்ல, விடேன். உசுரக் காப்பாத்தினவரு," என்று கணவன் அவரைக் கும்பிட்டான்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். டாக்டர் சொன்ன அந்த வாக்கியம் அவளுடையது. முழிச்சிருந்தேன், மூச்சு முட்டுச்சு என்று அழுத மூன்று பேரிடம், போர்வையை இழுத்துவிட்டபடி அவளே சொன்னது. ஒருவர் லாரி டிரைவர், ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். மூன்றாவது ஆள் ஆணா பெண்ணா என்றுகூட நினைவுக்கு வரவில்லை.